முதலில் சாப்பிடுங்கள்

ஸ்டேஷனில் இறங்கி, பெரிய வீட்டுக்கு வழி கேட்ட அந்த ஒல்லி மனிதரைப் போன வாரம் பாதி வழியில் விட்டுவிட்டோம். அவர் நடந்து வந்து சேர்வதற்குள் செய்தி சைக்கிளில் முந்திக்கொண்டு வந்துவிட்டது.

"பாப்பா, இங்க கொஞ்சம் வா."

பின்வாசலில் நின்று சின்னவளைக் கூப்பிட்டார் பால்காரர். வழக்கமாக ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுகிறவர். இன்று குரல் தொண்டையைத் தாண்டவில்லை.

"உங்க அண்ணன் இருக்கிற ஊர்லேர்ந்து ஒரு ஆள் வந்துக்கிட்டு இருக்கார். விரல் பூரா மை. அச்சாபீஸ் ஆள்தான், சந்தேகமே இல்ல."

சின்னவளின் கையிலிருந்து ஈரத்துணி நழுவி விழுந்தது.

அண்ணன் என்ற சொல்லே அந்த வீட்டில் புழங்கி வருஷக்கணக்காகிவிட்டது. வீட்டுக் கார் ஓட்டியவரின் மகளைக் கல்யாணம் செய்துகொண்டு அவன் படியிறங்கிய அன்று, "இனிமே அவன் பேச்சை யாரும் என் காதுல போடக் கூடாது" என்றார் அப்பா. அவர் ஒன்று சொன்னால் சொன்னதுதான். கோபத்தில் ஒருநாள் வக்கீலிடம், "நான் கோர்ட்டு வாசல் மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். கடைசிவரை மிதிக்கவில்லை. தோப்பு முழுவதும் எதிராளிக்குப் போயிற்று. அப்போதும் வாய் திறக்கவில்லை. கார் விற்றாயிற்று, கிழக்கு வயல் விற்றாயிற்று. மிச்சம் இருப்பது வீடும், வீட்டைச் சுற்றிய மதிலும், அந்த வாயும்தான்.

சின்னவள் சமையலறைக்கு ஓடினாள்.

"அம்மா, அண்ணன்கிட்டேர்ந்து ஆள் வருதாம்."

அம்மா கரண்டியை அப்படியே பிடித்தபடி நின்றாள். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. சின்னவள் அதைப் பார்த்து நெடுநாளாயிற்று.

"முட்டை இருக்கா? காலையில பிடிச்ச மீன் ஆத்தங்கரையில விப்பாங்களே, போய் வாங்கிட்டு வரச் சொல்லு. அரிசியை இப்பவே போடு."

"வர்றது ஒரு ஆளா, ஒரு பட்டாளமா?" என்றாள் சமையல்கார அக்கா.

"அவன்கூட வேலை செய்யற ஆளுடி. இங்க சாப்பிட்டதை அவன்கிட்ட போய்ச் சொல்லுவார் இல்ல?"

அக்கா அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

முன்கூடத்தில் அப்பா நேற்றைய பேப்பரை விரித்து வைத்திருந்தார். அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் சின்னவள் எட்டிப் பார்த்தபோது அவர் உள்ளே போய்ச் சலவைச் சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். பித்தானைப் போட்டபடியே சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"வெளியூர் ஆள் யாராச்சும் வந்தா முதல்ல சாப்பிட வைங்க. முறை தெரியும் இல்ல?"

முறை எல்லாருக்கும் தெரியும். அந்த வீட்டு வாசலைத் தாண்டி வந்தவர் யாராக இருந்தாலும் முதலில் சாப்பிட வேண்டும். சாப்பிட்டுக் கை கழுவும்வரை வந்த காரியத்தை அவரும் சொல்லக் கூடாது, இவர்களும் கேட்கக் கூடாது. கலெக்டர் வந்தாலும் அதுதான், கன்றுக்குட்டி தேடி வந்தவனானாலும் அதுதான்.

மைக்காரர் வந்தார். செருப்பைக் கழற்றக்கூட நிதானமில்லாமல் வந்தார்.

"அம்மாவைப் பார்க்கணும். உங்க அம்மா..."

"நான்தான் தம்பி. வாங்க. வெயில்ல நடந்தா வந்தீங்க?"

"அம்மா, உங்ககிட்ட தனியா ஒரு வார்த்தை..."

"எல்லாம் பேசலாம். முதல்ல கை கழுவுங்க."

"இல்லம்மா, சாயங்கால ரயிலுக்குள்ள..."

"ரயில் எங்க ஓடிப் போகுது? நம்ம வாசல்ல விசில் அடிச்சுட்டுத்தான் போகும். வாங்க தம்பி, உக்காருங்க."

அப்பா கூடத்தில் எழுந்து நின்று, "வரணும்" என்றார். அந்த ஒரு சொல்லிலேயே மைக்காரரின் வாய் மூடிக்கொண்டது. சின்னவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது. அவர் அப்பாவைப் பார்த்த பார்வையில் மரியாதையைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது.

சாப்பாட்டு அறையில் பெரிய மேசை. இருபது பேர் உட்காரலாம். ஒரு மூலையில் அவரை உட்கார வைத்தார்கள். அப்பா எதிரில் உட்கார்ந்தார். விருந்தாளி தனியாகச் சாப்பிடக் கூடாது என்பது அந்த முறையின் இன்னொரு பகுதி. பரிமாறுவது அம்மா. அதனால் அம்மா வருவாள், வைப்பாள், போவாள். அவள் வந்து நிற்கும்போதெல்லாம் அப்பாவும் இருந்தார்.

மைக்காரர் வேகவேகமாகச் சாப்பிட்டார்.

"ஆள் ரொம்பப் பசியா இருக்கார் பாவம்," என்று அம்மா கிசுகிசுத்து, இன்னும் அள்ளி வைத்தாள்.

"போதும்மா, போதும்."

"போதும்கிற பேச்சே இந்த வீட்டுல கிடையாது."

சுவரில் மூன்று படங்கள். நான்காவது இடத்தில் ஒரு வெளிறிய சதுரம். சுண்ணாம்பு அங்கே மட்டும் புதிதாகத் தெரிந்தது. மைக்காரரின் கண் அங்கே போய் நின்றது. அப்பா அதைக் கவனித்தார்.

"அந்த முதல் படம் எங்க கொள்ளுத்தாத்தா," என்று அவசரமாக ஆரம்பித்தார். "ஆறு வளையற இடத்திலேர்ந்து மலையடிவாரம் வரைக்கும் அவர் நிலம். குதிரையில போனா ஒரு பகல் ஆகும். ஒரு மழைக்காலம், வாய்க்கால் உடைஞ்சிருச்சுன்னு சொல்ல ஒரு குத்தகைக்காரன் நாள் பூரா நடந்து வந்திருக்கான். இவர் அவனை நிக்க வெச்சு, எப்ப உடைஞ்சது, எவன் காவல், நீ என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்னு கேள்வி மேல கேள்வி. அவன் பதில் சொல்லிக்கிட்டே இருந்தவன், இதே அறை வாசல்ல விழுந்துட்டான். எந்திரிக்கல. ரெண்டு நாளா சாப்பிடலையாம். அன்னிக்கு வெச்ச முறைதான் இது. வந்தவன் வயித்துக்கு அப்புறம்தான் எங்க காதுக்கு."

"ஆமாங்கய்யா. பெரிய விஷயம். நான் சாப்பிட்டுட்டேன்."

"தட்டுல இருக்கே."

மைக்காரர் குனிந்து மறுபடி அள்ளினார். விரலிடுக்கில் மை கறுப்பாகப் படிந்திருந்தது. எத்தனை கழுவினாலும் போகாத மை. அப்பா அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, எங்கோ பார்த்தபடி கேட்டார்.

"அச்சாபீஸ்ல வெளிச்சம் எல்லாம் எப்படி? வேலை செய்யறவங்களுக்குப் போதுமா?"

கதவருகே நின்றிருந்த சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சுமாருங்க. கண்ணு கொஞ்சம் கெடத்தான் செய்யும்."

"கண்ணாடி போட்டுக்கிறாங்களா?"

"போட்டிருக்காருங்க."

போட்டிருக்காங்க என்று அவர் சொல்லவில்லை. அப்பாவும் யார் என்று கேட்கவில்லை. டம்ளரை எடுத்தார், குடிக்காமல் வைத்தார்.

"சாப்பாடெல்லாம்? வெளியூர்ல... வேலை பார்க்கிறவங்க வேளாவேளைக்குச் சாப்பிடுவாங்களா?"

"வீட்ல நல்லா சமைப்பாங்கங்க. அண்ணி... அவங்க, நல்லவங்க."

அப்பா தலையை ஆட்டினார். பிறகு உள்ளே பார்த்து, "மீன் வெந்துருச்சா? கொண்டு வா" என்றார்.

சின்னவளுக்கு அப்போது புரிந்தது. சாப்பாடு முடிந்தால் இந்த ஆள் காரியத்தைச் சொல்லுவார். மகன் சொத்தில் பங்கு கேட்டிருக்கலாம், வேறு ஏதாவது கேட்டிருக்கலாம். கேட்டால் அப்பா ஒரு பதில் சொல்லியாக வேண்டும். சொன்னால் சொன்னதுதான். ஆள் எழுந்து போய்விடுவார். சாப்பாடு நீளும்வரை பிள்ளையைப் பற்றிச் சுற்றிவளைத்தாவது கேட்டுக்கொண்டிருக்கலாம். அப்பா சாப்பாட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மீன் வந்தது. கூடவே இரண்டாவது படத்தின் கதையும் வந்தது.

"இவர் எங்க தாத்தா. தண்டவாளம் போடணும்னு வெள்ளைக்காரன் வந்து நின்னான். நல்ல வயல். வீட்ல எல்லாரும் குதிச்சாங்க. இவர், ஜனங்க போய் வரட்டும்னு சும்மாவே எழுதிக் கொடுத்துட்டார். ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். எந்த ரயிலா இருந்தாலும் இங்க நின்னுதான் போகணும். இன்னிக்கும் நிக்குதா இல்லையா? நீங்களே இறங்கினீங்களே."

தூரத்தில் விசில் கேட்டது.

"இதோ. அதுவும் எங்க மண்ணு மேலதான் ஓடுது," என்றார் அப்பா.

மைக்காரர் சோற்றுக் கையோடு எழுந்து நின்றுவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"ஐயா, அது... அது சாயங்கால ரயிலா?"

"அதேதான். ஏன், ராத்திரி தங்கிட்டுப் போங்களேன். இடமா இல்ல?"

"அம்மாவைக் கூட்டிட்டுப் போக வந்தேன்யா! அந்த ரயில்லதான் கூட்டிட்டு வரேன்னு சொல்லிட்டு வந்தேன். உங்க பையனுக்கு நெஞ்சுல நீர் கோத்துக்கிச்சு. பார்க்க வேண்டியவங்க வந்து பார்த்துடட்டும்னு நேத்தே டாக்டர் சொல்லிட்டார். ஆஸ்பத்திரியில கிடக்கிறாருய்யா!"

அம்மாவின் கையிலிருந்த பாத்திரத்திலிருந்து குழம்பு சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

"வந்ததும் ஏன் சொல்லல?" என்றார் அப்பா. குரல் அவருடையதாகவே இல்லை.

மைக்காரர் அழ ஆரம்பித்துவிட்டார்.

"அவர்தான் சொன்னாருங்க. தந்தி அடிச்சா அம்மா பதறிடுவாங்க, நீயே நேர்ல போ, அம்மாகிட்ட மட்டும் தனியா சொல்லு, அப்பா காதுல முதல்ல விழக் கூடாது, போகக் கூடாதுன்னு அவர் ஒரு வார்த்தை சொல்லிட்டா அப்புறம் அம்மாவால வரவே முடியாதுன்னார். அம்மா தனியா வருவாங்க, வருவாங்கன்னு பார்த்தேன். சாப்பிட்டு முடிச்சா சொல்லிடலாம்னு பார்த்தேன். நீங்க வெச்சுக்கிட்டே இருந்தீங்க..."

"நான் போகக் கூடாதுன்னு சொல்லுவேன்னா நினைச்சான்?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு சின்னவளைப் பார்த்தார். சமையலறைக் கதவில் நின்ற அக்காவைக்கூடப் பார்த்தார். யாராவது ஒருவர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை.

விசில் இன்னொரு முறை கேட்டது. இம்முறை ஊரைத் தாண்டி, ஆற்றுப்பாலத்துக்கு அப்பாலிருந்து.

அடுத்த ரயில் மறுநாள் காலையில்தான். பஸ் போகிற ஊரில்லை அது. நல்ல வண்டி என்று இப்போது ஊரில் இருந்தது ரைஸ்மில் லாரி மட்டும்தான். ரைஸ்மில் முதலாளியின் அப்பா இந்த வீட்டுக் களத்தில் மூட்டை தூக்கியவர். அதனால் மகனுக்கும் ஊரில் மூட்டை என்றே பெயர். கிழக்கு வயலை விலைக்கு வாங்கியவரும் அவரேதான். அன்றிலிருந்து அப்பா அந்தத் தெரு வழியாகப் போனதே இல்லை.

"நான் போய்க் கேக்கறேம்ப்பா," என்றாள் சின்னவள்.

அப்பா அதற்குள் படியிறங்கிவிட்டார். வாசலில் கிடந்த செருப்பை அவர் பார்க்கவேயில்லை. சின்னவள் பின்னால் ஓடினாள்.

மில் வாசலில் தவிட்டுப் புழுதி. மூட்டைகளுக்கு நடுவே பனியனோடு நின்றிருந்த முதலாளி, வெறுங்காலோடு வருகிற மனிதரைப் பார்த்துத் துண்டைத் தேடினார்.

"ஐயா, நீங்களா! ஆள் அனுப்பியிருந்தா நானே..."

"என் பையன் சாகக் கிடக்கிறான். உன் லாரி வேணும்."

அப்பா எவரிடமும் எதையும் வேண்டும் என்று கேட்டுச் சின்னவள் பார்த்ததில்லை. கேட்கத் தெரியாதவர் கேட்டது உத்தரவு மாதிரிதான் இருந்தது. ஆனால் இரண்டு கைகளும் குவிந்திருந்தன. அது அவருக்கே தெரிந்திருக்காது.

மூட்டை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "டேய், இறக்குங்கடா எல்லாத்தையும்!" என்று கத்தினார். பாதி மூட்டைகள் இறங்குவதற்குள், "போதும், மிச்சம் கிடக்கட்டும்" என்று தானே ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

வழியில் வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்ட அம்மாவும் மைக்காரரும் முன்னால். பின்னால் மூட்டைகளின் மேல் அப்பாவும் சின்னவளும். ஒரு பள்ளத்தில் லாரி குதித்தபோது அப்பா சின்னவளின் தோளைப் பிடித்துக்கொண்டார். பிறகு கையை எடுக்கவில்லை.

"தண்டவாளத்துக்கு நிலம் கொடுத்தவர் ரோட்டுக்கும் கொடுத்திருக்கலாம்," என்றார் ஒருதரம். சிரிப்பதற்காகத்தான் சொன்னார் போலிருக்கிறது. முகம் கோணிக்கொண்டது.

முன்பக்கம் திறந்த ஜன்னல் வழியாக அம்மாவின் குரல் கேட்டது. யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை.

"ரெண்டாவது தடவை சோறு வெச்சது நான்தான். அவர் போதும்னார். நான்தான் வெச்சேன்."

"விடுங்கம்மா," என்றார் மூட்டை.

"மீன் வாங்கிட்டு வரச் சொன்னதும் நான்தான்."

இருட்டுகிற நேரம் ஆஸ்பத்திரி வாசலில் லாரி நின்றது. மாடிப்படிக்குப் பக்கத்தில் நீளமான நடைவழி. டெட்டால் வாசனை. மைக்காரர் முன்னால் ஓடினார். வார்டு வாசலுக்குப் போகும் முன்பே அவருடைய ஓட்டம் நின்றது.

பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கசங்கிய புடவை. முன்பு வாசலில் காருக்குப் பக்கத்தில் டிரைவரான தன் அப்பாவுக்காகக் காத்து நிற்கும் சின்னப்பெண். சின்னவளுக்கு அவளை உடனே அடையாளம் தெரிந்தது. அவள் அழவில்லை. அழுது முடித்திருந்தாள்.

"அண்ணி," என்றாள் சின்னவள். முதல் தடவையாக.

"ரயில் வர்ற நேரம் வரைக்கும் நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தார்," என்றாள் அண்ணி. "ரயில் வந்துருச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்தார். வந்துருச்சுன்னேன். தலையணையை உயர்த்தி வைக்கச் சொன்னார். வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தார். ஜன்னல்ல பார்த்தேன், இறங்கின ஜனமெல்லாம் போயிட்டாங்க. ரோடு காலியாயிருச்சு. அம்மாவுக்கு நடக்க நேரம் ஆகும்னார். அப்புறம்... அப்புறம் கேக்கவே இல்ல."

அம்மா அலறவில்லை. அண்ணியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவளுடைய கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, நரம்புகளை ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"வந்துட்டேனே. நான் வந்துட்டேனே," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அப்பா வார்டுக்குள் போனார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தார். சுவரில் சாய்ந்து நின்றார். சலவைச் சட்டை முழுவதும் தவிடு. அண்ணி எழுந்திருக்கப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று கையை அசைத்தார்.

நர்ஸ் ஒருத்தி கடந்து போனாள்.

"அத்தை," என்றாள் அண்ணி கடைசியில். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தார். அம்மா வர்றதுக்குள்ள எனக்கு ஏதாவது ஆயிட்டா நீ சொல்லிடுன்னு என்கிட்ட சொல்லி வெச்சார். ஆனா..."

அவள் அப்பாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

"சொல்லும்மா."

"மாமா இருக்கிறப்ப வேண்டாம்னார்."

அந்தக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வீட்டுத் தலைவர் தனியாகப் பேச வேண்டுமென்றால் மற்றவர்கள்தான் எழுந்து போவார்கள். வெளியே போ என்று ஒருவரும் அப்பாவிடம் சொன்னதில்லை. இப்போதும் யாரும் சொல்லவில்லை.

அப்பா சுவரிலிருந்து முதுகை எடுத்தார். வெறுங்காலோடு, மெல்ல மெல்ல, அந்த நடைவழியின் கோடிவரை போனார். கண்ணாடி போட்ட கதவைத் தள்ளிக்கொண்டு வெளியேறினார். சத்தம் வராமல் அதைச் சாத்தினார்.

அண்ணி அம்மாவின் காதருகே குனிந்தாள்.

சின்னவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் காதுகளை இறுகப் பொத்தியபடி நின்றார்.